மகேந்திரன் வளர்த்த சம்பல்

மலேசியாவில் கமுந்திங் ஊரில் உள்ள ஒரு கையுறை ஆலையில் மகேந்திரனுக்கு இரவு வேலை. நாற்பத்து மூன்று வயதில் அவர் ஒரு பொம்மை விளையாட்டில் கைதேர்ந்தவராக ஆனார். ஆலையில் இது ஒருவருக்குத்தான் தெரியும். அவரோடு ஒரே மிஷினில் நிற்கும் உடையப்பனுக்கு.

“வேலை முடிஞ்சா மனுசன் தூங்குவான் மச்சான். நீ பல்லி வளக்க ஓடுற.”

“பல்லி இல்லலா. டிராகன்.”

“என்னமோ ஒண்ணு. தீனி போட்டுட்டு நீயும் படு.”

அந்த டிராகன் கட்டைவிரல் உயரச் சிவப்புப் பிளாஸ்டிக் பொம்மை. தொலைக்காட்சியோடு இணைத்த விளையாட்டு மெஷினின் வட்டத் தட்டின் மேல் அதை நிறுத்தினால் திரைக்குள் உயிர் பெற்று ஓடும், சண்டை போடும், நாணயம் சேர்க்கும். சேர்த்த பலம் முழுவதும் பொம்மைக்குள் இருக்கும் சிப்பில் பதிந்துவிடும். விளையாட்டு மோகம் ஓய்ந்து, ஈப்போவில் ஒரு பேரங்காடியில் மலிவு விலைத் தொட்டியில் எல்லாம் குவிந்து கிடந்தபோது மகேந்திரன் வாங்கினார். மகள் ஷர்மினிக்காக. அவள் டிராகனுக்குச் சம்பல் என்று பெயர் வைத்தாள். மிளகாய் அரைத்த சம்பல் போல, வாயைத் திறந்தால் எரிகிறதாம்.

ஷர்மினி ஈப்போவில் அம்மா புஷ்பலதாவுடன் வளர்கிறாள். பெற்றோர் பிரிந்த பிறகு ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை அப்பா வீட்டுக்கு வருவது வழக்கம். அவளுக்குப் பன்னிரண்டு வயதானதும் புஷ்பலதா சொல்லிவிட்டார்: “இனிமே அவ இஷ்டம். வாரேன்னா அனுப்புறேன். வரலைன்னா நான் இழுத்துட்டு வர மாட்டேன்.” குரலில் கோபம் இல்லை.

விளையாட்டு வருவதற்கு முன் அந்தச் சனிக்கிழமைகள் நகராது. அவள் கைப்பேசியைப் பார்ப்பாள், அவர் அவளைப் பார்ப்பார், பிறகு இருவரும் கோழிப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். விளையாட்டு வந்ததும் பாயில் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள். அவளுக்குச் சம்பல், அவருக்கு ஓர் ஆமை.

“ரைட்டுப்பா, ரைட்டு. அது லெஃப்ட்டு.”

“அந்தாண்ட பள்ளம் இருக்கும்மா.”

“நீங்க ஏற்கெனவே பள்ளத்துலதான் இருக்கீங்க.”

பனிக்கோட்டை வாசலில் இருவரும் மாட்டிக்கொண்டார்கள். சம்பலுக்குப் பலம் போதவில்லை. கதவைக் காக்கும் அரக்கன் ஒரே அடியில் சாய்த்துவிடுவான். ஷர்மினி உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி மறுபடி போனாள். கிளம்பும் நேரத்தில், “அடுத்த வாட்டி பாத்துக்கலாம்” என்றாள். அவளாக ‘அடுத்த வாட்டி’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மகேந்திரன் காதில் அது விழவில்லை. மகள் கஷ்டப்படுவது மட்டுமே கண்ணில் பட்டது. கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். பள்ளிக்கு முன்னால் மரத்தில் பால் வடியக் கட்டிய மங்குகளில் உறைந்த கட்டிப்பாலைப் பிய்த்து, கூலிக்காக நிறுக்கும் தாயின் சாக்கில் போட்டு எடை கூட்டியவர். ஒருவர் மேல் பாசம் என்றால் அவர் சுமையில் பாதியை நாம் தூக்க வேண்டும். வேறு விதமாக அந்த வீட்டில் யாரும் பாசம் காட்டியதில்லை.

தினமும் காலையில் வேலை முடிந்து வந்ததும் திரைச்சீலையை இழுத்துவிட்டுச் சம்பலோடு உட்கார்ந்தார். முதலில் விரல் ஓடவில்லை. பிறகு ஓடியது. அரக்கன் விழுந்தான், கோட்டை திறந்தது, அடுத்த தீவும் அதற்கு அடுத்ததும் திறந்தன. சம்பலுக்குச் சிறகு முளைத்தது, தலையில் பொன்முடி ஏறியது. பலம் ஏற்ற இனி இடமில்லை என்று திரையே சொன்ன பிறகுதான் நிறுத்தினார்.

சனிக்கிழமை வந்தது. ஷர்மினி பையைக்கூட இறக்காமல் சம்பலைத் தட்டில் வைத்தாள். மகேந்திரன் திரையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பனிக்கோட்டைக்குப் போனாள். அரக்கன் வந்தான். ஒரு பொத்தான், செத்தான்.

“யாருப்பா விளையாண்டா?”

“நான்தான்மா. உனக்குச் சிரமமா இருந்துச்சே.”

“சிரமம்னு நான் சொன்னேனா?”

அவள் தீவு தீவாகத் திறந்து பார்த்தாள். அவள் ஜெயிக்க எங்கும் எதுவும் மிச்சமில்லை.

“எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்மா” என்றார்.

“அழிச்சா நான் செஞ்சதும் போயிடும்.” கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவள் சம்பலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். “நீங்களே வச்சுக்கோங்க.” பிறகு கைப்பேசியை எடுத்தாள்.

அடுத்த முறை டியூஷன் என்று தகவல் வந்தது. அதற்கடுத்த முறை புஷ்பலதா எழுதினார்: ‘வரலைங்கிறா. நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல.’

“புதுசா ஒண்ணு வாங்கிக் குடு” என்றார் உடையப்பன். புதிது எங்கும் இல்லை. பழைய பொம்மை விற்கும் ஒருவரிடம் அதே டிராகன் கிடைத்தது. உள்ளே யாரோ ஒரு பிள்ளையின் உழைப்பு பதிந்திருந்தது. அதை அழிக்கும்போது மகேந்திரனுக்குக் கை கூசியது.

புதுச் சம்பலைப் படமெடுத்துச் செய்தியில் அனுப்பினார். ஷர்மினியிடமிருந்து ஒரு வரி வந்தது: ‘மெஷின் உங்க வீட்டுலதானே இருக்கு.’

அந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வேலைக்குப் போய் வந்தார். மெஷினைக் கொடுத்துவிட்டால் அவள் கமுந்திங் வருவதற்கு ஒரு காரணமும் இருக்காது. கொடுக்காவிட்டாலும் அவள் வரப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் கட்டி ஈப்போவுக்குக் கொண்டு போனார்.

புஷ்பலதா கதவைத் திறந்தார். “முழுசாவே தூக்கிட்டு வந்துட்டீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வழிவிட்டார்.

மகேந்திரன் மண்டியிட்டு ஒயர்களை மாட்டினார். தட்டில் விளக்கு எரிந்தது. ஷர்மினி புது டிராகனை அதன்மேல் வைத்தாள். திரை பெயர் கேட்டு நின்றது. அவள் கையில் கண்ட்ரோலர் தயாராக இருந்தது, விரல் அசையவில்லை.

“தேங்க்ஸ் பா” என்றாள்.

அவர் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தார். அவள் டிராகனுக்குப் பெயர் எழுதவில்லை. அவர் போகட்டும் என்று காத்திருக்கிறாள் என்பது தாமதமாகத்தான் புரிந்தது.

“சரிம்மா, வாரேன்” என்று எழுந்து வாசலில் செருப்பை மாட்டினார். கதவு சாத்தும்வரை உள்ளிருந்து பொத்தான் சத்தம் கேட்கவில்லை.