முதுகு காட்டி நின்ற யானைகள்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் நிம்மதியாக இருந்து சாப்பிட்ட நாட்கள் குறைவு. அதன்மேல் எந்நேரமும் ஒரு படை காய்ந்துகொண்டிருக்கும். வில்லாளிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துப் புட்டும் மீன்குழம்பும் சாப்பிடப் பழகியவன் நான். பெண்சாதிக்குப் பயந்தவன் என்று அரியாலையில் என்னைப் பற்றி ஒரு கதை உண்டு. உண்மைதான். வேலும் வில்லும் யானையுமாக ஒரு படையே வைத்திருக்கும் பெண்சாதிக்குப் பயப்படாமல் வேறென்ன செய்வது?

என் மனைவி குணலட்சுமி யாழ்ப்பாணப் பட்டினத்தில் தியாகராசா டொக்டரிடம் பல்லுக் கட்டும் வேலை செய்தாள். எங்கள் பகுதிக் கிழவர்களில் பாதிப்பேர் அவள் செய்த பல்லால்தான் முறுக்குக் கடித்தார்கள். மெழுகில் ஒரு பல்லைச் செதுக்கி, பிளாஸ்டரில் அச்செடுத்து, மெருகேற்றி, உரியவருடைய வாயில் பொருத்திப் பார்த்துத் தலையாட்டுவாள். பிழையென்றால் உடைத்துவிட்டு முதலில் இருந்து தொடங்குவாள். அந்தப் பொறுமை எனக்கு மட்டும் கிடைத்ததில்லை.

வெளியே நடந்த போரை எல்லாரும் அறிவார்கள். எங்கள் வீட்டுக்குள் நடந்த போரைத் தொடக்கிவைத்தவர் அவளுடைய தமையன் அருளம்பலம். கப்பலில் இயந்திரம் பார்த்துவிட்டு எண்பத்துநாலில் நெல்லியடிக்குத் திரும்பியவர், ஒரு பெட்டி நிறைய விரல் உயர ஈய வீரர்களைக் கொண்டுவந்திருந்தார். இங்கிலாந்தில் பெரிய மனிதர்களெல்லாம் இதை விளையாடுகிறார்களாம். மேசைதான் போர்க்களம். ஆளுக்கொரு படை. எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அங்குலம் அளக்கிற அடிமட்டம் சொல்லும். யார் விழுந்தான், யார் பிழைத்தான் என்பதைப் பகடை சொல்லும். நெல்லியடியில் ஒருவரும் அவரோடு விளையாட வரவில்லை. கப்பலில் இருந்து மனுசனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் தங்கச்சிதான் அகப்பட்டாள்.

தன் படையில் பாதியை அவளுக்கு இரவல் கொடுத்து, மீதியால் அவளைத் தோற்கடித்தார். மறுமுறையும் அதே கதைதான். மூன்றாம் முறை அவள் மேசைக்குக் கிட்டவும் வரவில்லை.

"இரவல் படையோடை இனிச் சண்டைக்கு வரமாட்டன் அண்ணை," என்றாள். "என்ரை படை வரட்டும்."

அவள் தெரிந்தெடுத்தது நல்லூர் அரசனின் படை. அருளம்பலத்தாருக்கும் அது பிடித்துப்போயிற்று. தன் வீரர்களின் சட்டைகளை மாற்றிப் பூசி அவர்களைப் போர்த்துக்கேயப் பறங்கியர் ஆக்கிக்கொண்டார். சரித்திரத்தில் பறங்கியர்தான் வென்றார்கள், மேசையிலும் அதுதான் முறை என்று சொல்லிக்கொண்டு அவர் மீசையைத் தடவியபோது, எனக்கே அந்த மீசையைப் பிடுங்க வேண்டும்போல் இருந்தது.

படை வளர்ந்தது. மெழுகில் ஒரு வேல்வீரனைச் செதுக்கி அச்செடுத்தாள். கடலில் இறங்கத் தடை வந்து வலைகள் சும்மா கிடந்த காலம் அது. பக்கத்து வீட்டு லூர்த்தம்மா, வலையின் அடியில் கோத்திருந்த ஈயக் குண்டுகளைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய புருசனின் உடைந்த பல்லுச் செட்டை ஒட்டிக் கொடுத்ததற்கு அது கைமாறு. சிரட்டைக்கரி அடுப்பில் ஈயத்தை உருக்கி ஊற்றினால், ஆறியதும் அச்சுக்குள்ளிருந்து ஒரு நல்லூரான் எழும்பி வருவான். அவனுக்கு வேட்டி பூசி, தலைப்பாகை பூசி, இடைக்கச்சு பூசி மேசையில் நிறுத்துவாள். முகத்தில் கண் மட்டும் இருக்காது.

அதுதான் அவளுடைய வைராக்கியம். கோயிலுக்குப் புதுக் குதிரை வாகனம் செய்தால் எல்லா வேலையும் முடிந்த பிறகு, நல்ல நேரம் பார்த்துத்தானே கண் திறப்பார்கள்? குறைவேலையில் கண் திறக்கலாமா? படை முழுதாக முடியட்டும், எல்லாருக்கும் ஒரே நாளில் திறப்பேன் என்றாள். படை முழுதாவது என்றால் மூன்று யானைகள். அரசன் ஏறுகிற யானைதான் பெரியது. அதற்குச் சேர்த்து வைக்கும் ஈயம் ஒவ்வொரு முறையும் வேறு எதற்காவது போய்விடும்.

அருளம்பலத்தாரின் சட்டத்தில் ஒன்று உண்டு. வர்ணம் முடியாத படை எறியும் ஒவ்வொரு பகடையிலும் ஒன்று கழிக்க வேண்டும். கண் இல்லாத படை வர்ணம் முடியாத படைதானே? குருட்டுப் படை என்று பெயர் வைத்து, வருடா வருடம் கழித்துக்கொண்டே இருந்தார்.

யானைக்கும் ஒரு சட்டம் வைத்தார். இங்கிலாந்துப் புத்தகத்தில் யானை இல்லாததால் இவரே யோசித்து எழுதியது. அதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை. "வெடிக்குப் பயந்த யானை முகத்தை மற்றப் பக்கம் திருப்பி நேரை ஓடும். குறுக்கை ஆர் நிண்டாலும் மிதிக்கும்." முடிந்திருந்த இரண்டு யானைகளையும் அவள் முன்னணியில் நிறுத்துவாள். இவர் முதல் வேலையாகப் பீரங்கியை அவற்றின்மேல் சுடுவார். அவை திரும்பி ஓடி, பின்னால் நிற்கும் நல்லூர் வேல்வீரர்களை மிதித்துத் துவைத்துவிடும். தன் யானையாலேயே தோற்ற அரசி என்று நானும் பகிடி பண்ணுவேன். அன்று இரவு எனக்குக் குழம்பில் உப்பு இருக்காது.

இந்திய ஆமி வீடு வீடாகச் சோதித்த நாட்களில் இந்தப் படையால் எங்கள் தலை போகப் பார்த்தது. மேசையில் அணிவகுப்பு, பக்கத்தில் அடிமட்டம். உள்ளே வந்த அதிகாரி அதைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். ஏதோ தாக்குதல் திட்டம் என்று நினைத்தானோ தெரியாது. கூட வந்த தமிழ்நாட்டுச் சிப்பாய் ஒருவன் யானையைக் கையில் எடுத்து, கொலுவா என்று கேட்டான். எங்கள் வீட்டில் கொலு வைத்ததே இல்லை. குணலட்சுமி இமைகூட ஆட்டாமல் "ஓம், கொலு" என்றாள். அவன் யானையைக் கும்பிட்டுவிட்டு வைத்துவிட்டுப் போனான். பெண்சாதிக்கு ஏன் பயப்படுகிறாய் என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

தொண்ணூற்றுமூன்று மார்கழியில் அருளம்பலத்தார் சைக்கிளில் வந்து, கனடாவில் இருக்கும் மகன் கூப்பிட்டுவிட்டான், ஊரைவிட்டு வெளியேறப் பாஸும் கிடைத்துவிட்டது என்றார். தைப்பொங்கல் கழிந்ததும் கிளாலிக் கடல்நீரேரியால் வள்ளம் ஏறுகிறார். போனால் இனித் திரும்பி வருகிற வயதா? குணலட்சுமி தேத்தண்ணி கொடுத்தாள், மகனைப் பற்றிக் கேட்டாள், சிரித்தாள். அவர் போன பிறகு குசினிக்குள் போய் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ஒருக்காவெண்டாலும் வெல்லாமல் அவரை அனுப்பமாட்டன்," என்றாள்.

பொங்கலுக்கு மறுநாள் கடைசிப் போர் என்று முடிவாகியது. லூர்த்தம்மாவின் வீட்டில் மிச்சமிருந்த ஈயம் எல்லாம் வந்து அரசனின் யானை ஆனது. நெற்றிப்பட்டமும் அம்பாரியுமாக அது மேசையில் நின்றபோது நானே இரண்டு கையாலும் கும்பிட்டேன். ஆனால் கண் எழுத வெள்ளை வர்ணம் இல்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய்க்கே திண்டாட்டம், வர்ணத்துக்கு எங்கே போவது? சுண்ணாம்பைக் கரைத்துப் பார்த்தாள், காய்ந்ததும் உதிர்ந்தது. பிறகு வேலைக்குப் போனவள், பல்லோட்டை அடைக்கிற வெள்ளைப் பொடியில் ஒரு சிமிழ் டொக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். வேப்பம் பிசினில் குழைத்தால் பால்போல் ஒட்டியது. மெல்லிய தூரிகைக்கு எங்கள் பூனையின் வாலில் சில மயிர் போயிற்று. பூனைக்கு அந்தக் கோபம் மாசி வரை இருந்தது.

போர் நாள் காலை, பஞ்சாங்கத்தில் நேரம் பார்த்து, முழுகிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மேசையில் தான் இருக்கும் பக்கத்து யன்னல் கட்டின்மேல் நிறைகுடம் வைத்தாள். கண் திறந்ததும் முதலில் பார்ப்பது மங்கலமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வீரனையும் கும்பத்தைப் பார்க்கப் பிடித்து, வெள்ளை வைத்து, நடுவில் கறுப்புப் புள்ளி வைத்தாள். கடைசியாக யானைகள். எனக்குக் காய்ச்சல். போர்வையோடு கதிரையில் இருந்து பார்த்தேன். மேசை முழுவதும் திடீரென்று ஆட்கள் வந்து நிற்பதுபோல் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது; காய்ச்சலால் என்று சொல்லிக்கொண்டேன்.

அருளம்பலத்தார் அச்சுவேலி ஊடாகச் சைக்கிள் மிதித்து, பறங்கிப் படையைப் பஞ்சில் பொதிந்து கொண்டுவந்து சேர்ந்தார். கண் வைத்த படையைக் குனிந்து ஒவ்வொருவனாகப் பார்த்தார். இனி ஒன்றும் கழிக்கமாட்டேன் என்று ஒத்துக்கொண்டார். இரு படைகளும் அணிவகுத்தன. வீரர்கள் எல்லாரும் பறங்கியரைப் பார்த்து நிற்க, முன்னணியில் நின்ற மூன்று யானைகள் மட்டும் யன்னலைப் பார்த்தபடி, வால் பறங்கியருக்கு.

"உந்த யானையளை ஏனடி திருப்பி வைச்சிருக்கிறாய்?"

"இண்டைக்குத்தானே அண்ணை கண் திறந்ததுகள். கும்பத்தைப் பாத்துக்கொண்டு நிக்கட்டும். முதல் நாளே பறங்கியின்ரை முகத்திலை முழிக்கிறதே?"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நிற்கட்டும், எப்படி நின்றாலும் நான் சுடத்தானே போகிறேன் என்றார்.

முதல் சுற்றிலும் இரண்டாம் சுற்றிலும் குணலட்சுமி ஒருவரையும் நகர்த்தவில்லை. துப்பாக்கி நீட்டிய பறங்கித் துவக்குக்காரர் நீலச் சேலைத் துண்டால் செய்த கடல்நீரேரியைத் தாண்டி, நெருக்கமாக அணிவகுத்து முன்னே வந்தார்கள். நடுவில் ஒருமுறை பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டு மூவரும் பங்கருக்குள் ஓடினோம். அருளம்பலத்தார் பகடையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு ஓடினார், யாரும் தொடக் கூடாதாம். சத்தம் போனதும் வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

மூன்றாம் சுற்றில், பழக்கதோசம், அவர் பீரங்கியை யானைகளின்மேல் சுட்டார். பகடை உருண்டது. அரசனின் யானை அசையவில்லை. மற்ற இரண்டும் பயந்துவிட்டன.

"சரி, ஓடுது," என்று சொல்லிக்கொண்டே ஒரு யானையைக் கையில் எடுத்தார். சட்டப்படி முகத்தைத் திருப்பினார். திருப்பின கை அப்படியே அந்தரத்தில் நின்றது. யானையின் முகத்துக்கு நேரே அவருடைய துவக்குக்காரர் தோளோடு தோள் நின்றார்கள்.

அவர் தங்கச்சியைப் பார்த்தார். அவள் அடிமட்டத்தை எடுத்து மெதுவாக அவரிடம் நீட்டினாள். தன் சட்டத்தைத் தானே மீற முடியுமா? அளந்தார், நகர்த்தினார், தன் ஆட்களைத் தானே மேசையில் படுக்க வைத்தார். இரண்டாவது யானை பீரங்கியையும் சேர்த்துக் கவிழ்த்தது. பிறகு நல்லூர் வேல்வீரர்கள் கண்ணைத் திறந்துகொண்டு புறப்பட்டார்கள். இம்முறை கழிப்பதற்கு ஒன்றுமில்லை. பகடை அவள் சொன்னபடி கேட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மேசையில் நின்றுகொண்டிருந்த பறங்கி ஒருவனும் இல்லை. நான் போர்வையை உதறிவிட்டு எழும்பிக் கைதட்டினேன். காய்ச்சல் எங்கே போயிற்றோ தெரியாது.

அருளம்பலத்தார் கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது, கும்பத்துக்காகத் திருப்பி வைத்தாயா, இதற்காகவா என்று அவளிடம் கேட்டேன்.

"கும்பத்துக்கெண்டதும் உண்மைதான்," என்றாள். "ஆனால் வருசம் வருசமாய் என்ரை ஆக்களை மிதிச்சதுகள். எந்தப் பக்கம் ஓடுமெண்டு எனக்குத் தெரியாதோ?"

அன்று மூவரும் அந்த மேசையிலேயே இருந்து சாப்பிட்டோம். நல்லூர் படை சுற்றிவர நின்றது. அருளம்பலத்தார் தோற்ற மனிதன்போல் இல்லை. இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். பறங்கிப் படையைக் கனடாவுக்குக் கொண்டுபோகவில்லை, சரணடைந்தவர்கள் இங்கேயே இருக்கட்டும் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, தன் ஆட்களை மிதித்த யானைகளில் ஒன்றைத் தர முடியுமா என்று கேட்டார்.

குணலட்சுமி யானையைப் பஞ்சில் சுற்றி ஒரு சிறிய பெட்டிக்குள் வைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அங்கை போய் வைக்கேக்கை முகம் ஊர்ப்பக்கம் பாக்க வைச்சிடாதேங்கோ அண்ணை. முதுகுதான் எங்கடை பக்கம் இருக்கோணும். பயந்துதெண்டால் திரும்பி வீட்டை ஓடி வரும்."

அருளம்பலத்தார் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தோற்றதற்கு அழவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதார்.