அளவு குறைவு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதிலும் மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் அணியை யாராவது இளக்காரமாகப் பேசினால் கேட்கவே வேண்டாம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் ஓசூரில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். தோற்றுக்கொண்டே இருந்தால் பேசாமல் என்ன செய்வார்கள்?

நான் அப்போது தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் இருந்தேன். பைக் எஞ்சினுக்குப் போகும் சின்ன இரும்புத் துண்டுகள். ஒவ்வொன்றின் துளையிலும் பிளக் கேஜ் என்ற இரு முனை அளவுக் கம்பியை நுழைத்துப் பார்க்க வேண்டும். ‘கோ’ முனை உள்ளே போக வேண்டும், ‘நோ-கோ’ முனை போகக் கூடாது. சரியாக இருந்தால் பெட்டிச் சீட்டில் என் எண் கொண்ட சீலைக் குத்துவேன். தேறாததற்குச் சிவப்பு டேக். சரிசெய்தால் தேறும் என்பதற்கு மஞ்சள்.

மேஜைக்கு மேலே சுவரில் ஒரு பழைய படத்தை மாட்டியிருந்தேன். அந்த அணியின் வேகப்பந்துக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து நடந்து வருகிற படம். ஊத்தங்கரையில் பள்ளிக்கூடம் படித்தபோது அண்ணனின் பத்திரிகையிலிருந்து வெட்டியது. நம் ஆட்களையே ஓட ஓட விரட்டியவர்கள்தான். இருந்தாலும் அவர்கள் ஓடி வருகிற அழகில் நான் விழுந்துவிட்டேன். என் சூப்பர்வைசர் கர்நாடக எல்லையோரத் தளி ஊர்க்காரர், வீட்டில் கன்னடம். அந்த அணி தோற்ற மறுநாளெல்லாம் வந்து, படத்துக்கு ஒரு சிவப்பு டேக் கட்டும்மா என்பார். நான் மஞ்சளைக் கட்டி வைத்திருந்தேன். பிட்ச் சரியில்லை, அம்பயர் சரியில்லை, பையன்கள் புதுசு என்று வருடக்கணக்கில் சப்பைக்கட்டு கட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் சீல் குத்தி அனுப்பிய பெட்டிகள் பைக் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தன. துளை சின்னதாக இருக்கிறதாம். இருக்கவே இருக்காது என்று சத்தம் போட்டேன். சூப்பர்வைசர் என் கேஜை வாங்கிக்கொண்டு போய் அளந்துவிட்டு வந்தார்.

“கேஜ் தேஞ்சு போச்சும்மா. தினம் உன் கையிலயே இருக்கறதால உனக்குத் தெரியல.”

‘கோ’ முனை மெலிந்துவிட்டால் சின்னத் துளைக்குள்ளும் சுகமாகப் போய்விடும். கெட்டதெல்லாம் பாஸ் ஆகும். மாதம் ஒருமுறை கேஜை அளக்கக் கொடுக்க வேண்டும். கைக்குப் பழகியதைக் கொடுக்க மனமில்லாமல் நான் தள்ளிப் போட்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான். அவர் என் சீலை வாங்கித் தன் டிராயரில் போட்டுப் பூட்டினார். திரும்பி வந்ததை முழுக்கப் புதுக் கேஜில் பார்த்து முடி, உன்னை மேஜையில் வைப்பதா பேக்கிங்குக்கு அனுப்புவதா என்று திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார். ஒன்பது வருடம் அந்த மேஜையில் இருந்தவள் நான். அழுகை முட்டியது, அழவில்லை. சனிக்கிழமை ஷிப்ட் முடிவதற்குள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அத்தனையையும் பார்த்து முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அணிக்கும் நமக்கும் மேட்ச். டிவியைப் போட்டபோதுதான் சுருக்கென்றது. இவர்களையும் நான் தேய்ந்த கேஜில்தானே அளந்துகொண்டிருக்கிறேன்? மகளின் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இன்றைக்குப் பாசமே கிடையாது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நல்லவேளை, அவர் சிரிக்கவில்லை.

எகிறி முகத்துக்கு வர வேண்டிய பந்து இடுப்போடு நின்றது. குறித்தேன். முன்பெல்லாம் மூன்று பேர் நிற்கும் ஸ்லிப்பில் ஒருவர்தான் நின்றார், அவரும் கேட்சை விட்டார். குறித்தேன். நன்றாகப் போட்ட ஒரு பையனையும் குறித்தேன், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. சாயங்காலம் தாளை மேலிருந்து கீழே வரை படித்தேன். படத்தில் இருந்த அப்பன்கள் ஆடிய ஆட்டத்தில் பாதிதான் அடுத்து வந்த அண்ணன்களிடம் இருந்தது. இப்போது ஆடும் தம்பிகளிடம் அந்தப் பாதியும் இல்லை. குற்றம் பிட்ச்சிலும் இல்லை, அம்பயரிடமும் இல்லை. ஆட்டம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை முதல் வேலையாக மஞ்சள் டேக்கை அவிழ்த்துவிட்டுச் சிவப்பைக் கட்டினேன். காரணம் எழுதும் இடத்தில் ‘அளவு குறைவு’ என்று எழுதினேன். எழுதும்போது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். ஹௌதா, அப்படியா என்றார். ஆச்சரியம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும். நான் விளையாட்டுக்குத்தானே சொன்னேன், அவிழ்த்துவிடு என்றார். நான் விளையாட்டுக்குக் கட்டவில்லை சார் என்று தாளை நீட்டினேன். முழுக்கப் படித்தார். பிறகு டிராயரைத் திறந்து என் சீலை எடுத்து மேஜையில் வைத்தார்.

“சீல் இல்லாத டேக் செல்லாதும்மா. குத்து.”

குத்தினேன். அப்போ இனிமேல் இந்த டீமைப் பார்க்க மாட்டாயா என்று கேட்டார். புதன்கிழமை அடுத்த மேட்ச், எனக்கு அரை நாள் லீவு வேண்டும் என்றேன். மனிதர் வாயைப் பிளந்தார்.

“பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா, மெஷினையா சார் நிறுத்தறோம்?”