தெற்குச் சோறு

எங்கள் வீட்டில் தெற்கு என்றால் ஒரே ஒரு தெற்குதான். அம்மாவும் அப்பாவும் சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்தவர்கள். அவர்களுக்கு வடக்கு என்றால் நாங்கள், தெற்கு என்றால் சிங்களவர். மற்றத் திசைகள் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை தெற்கு என்று சொல்லிப் பவேரியாவைக் காட்டினார். அதை வீட்டில் வந்து சொன்னபோது அப்பா, "அது அவையின்ர தெற்கு," என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிச் செய்திக்குத் திரும்பிவிட்டார். மூன்றாவதாகவும் ஒரு தெற்கு இருக்கிறது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில், எங்களோடுதான் இருந்தார். அப்பாவுக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இருவருக்கும் முறை மாறி மாறி வரும். யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. மாமாவுக்கு மட்டும் அமெரிக்க இராணுவ முகாமின் சமையலறையில் காலை வேலை. மத்தியானம் கடந்ததும் எஸ்-பான் ரயில் பிடித்து வந்துவிடுவார். பள்ளி விட்டு வந்து நான் மணியை அழுத்தினால் கதவைத் திறப்பது அவர்தான். வீடு என்றால் எனக்கு அந்த நாளில் மாமாதான். இன்றைக்கும் எங்காவது ஒரு கதவு திறக்கும்போது, கையில் ஈரத் துவாயோடு அவர் நிற்கமாட்டாரா என்று மனம் ஒரு கணம் ஏங்கும்.

வியாழக்கிழமைகளில் அம்மாவுக்குப் பின்னேர வேலை. அன்றைக்கு மாமா சமைப்பார். அரைத்த மாட்டிறைச்சியைச் சட்டியில் போட்டு, உதிர்த்து உதிர்த்து, கறுக்கிற பருவம் வரை வறுப்பார். வெங்காயம், கறிமிளகாய், செலரித் தண்டு மூன்றையும் ஒரே அளவாகக் குறுணியாக வெட்டிப் போடுவார். உள்ளி, மிளகு, ஏதோ காய்ந்த இலை. பிறகு கழுவிய அரிசி. சூப்புக் கட்டி கரைத்த தண்ணீர். மூடியைப் போட்டுவிட்டு என்னிடம் வீட்டுப்பாடத்தைக் கேட்பார். கணக்கு முடிவதற்குள் சோறு முடிந்துவிடும். ஒரு சட்டி, ஒரு அகப்பை. சோறு தனி, கறி தனி, சம்பல் தனி என்று அம்மா அடுப்பெல்லாம் பரப்புகிற கூத்து இதில் இல்லை.

"இதுக்கு இங்கிலீசில என்ன பேர் தெரியுமோ? டேர்ட்டி ரைஸ். ஊத்தைச் சோறு," என்றார் முதல் நாள்.

இறைச்சியின் நிறம் பட்டு அரிசி மண்ணில் புரண்டது போல இருப்பதால் அந்தப் பேராம். ஊத்தையைச் சாப்பிடலாம் என்று பெரியவர் ஒருவரே சொன்னால் எந்தப் பிள்ளைக்குத்தான் கசக்கும்? நான் சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

அம்மா மாட்டிறைச்சி தொடமாட்டா. வேலை முடிந்து வந்ததும் வாசலில் நின்று ஒரு தரம் மூக்கை உறிஞ்சுவா. பிறகு பனி கொட்டினாலும் எல்லா யன்னலையும் திறந்துவிடுவா. என்ன சமைத்தீர்கள் என்று கேட்கமாட்டா. மாமாவும் சொல்லமாட்டார். எங்கள் வீட்டில் சைவ சமயம் அப்படித்தான் காப்பாற்றப்பட்டது.

ஒரு தரம், கறித்தூள் போட்டால் இன்னும் நல்லாயிருக்கும் என்று தூள் போத்தலை எடுத்துக்கொண்டு போனேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது போட்டா எங்கட சோறாப் போயிடும். இது அவ செய்யிற மாதிரியே இருக்க வேணும். இது தெற்குச் சாப்பாடு."

என் பள்ளி அட்லஸை வாங்கி, அமெரிக்காவின் அடிப்பக்கத்தில் வெங்காயம் வெட்டிய விரலை வைத்துக் காட்டினார். அவ அங்கே பிறந்தவவாம். முகாமில் மாமாவோடு சமைக்கிறவ.

அவவை நான் ஒரு தரம் கண்டிருக்கிறேன். கோடையில் ஒரு நாள் முகாமின் வாசலைத் திறந்து ஊர்ச் சனத்தை உள்ளே விட்டார்கள். மாமா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். ஐஸ்கிரீம் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில், எங்களையெல்லாம் விடக் கறுப்பாக, உயரமாக, வெள்ளைத் தொப்பியோடு ஒரு பெண் நின்றா. என்னைக் கண்டதும் குனிந்து, "சாப்பிடுங்கோ!" என்றா. நான் ஐஸ்கிரீமை வாயில் வைத்தேன். போகும்போது கையை ஆட்டி மறுபடியும் "சாப்பிடுங்கோ!" என்றா. தமிழில் வணக்கத்துக்கு அதுதான் சொல் என்று மாமா சொல்லிக் கொடுத்திருக்கிறார். வீடு வரும்வரை அவர் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அம்மா மாமாவுக்குப் பெண் பார்த்தா. கொலோனில் நல்ல குடும்பம், கடை வைத்திருக்கிறவர்கள், ஒரே பிள்ளை. அம்மாவின் கால் தரையில் நிற்கவில்லை. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுப் பக்கம் போக வேண்டும். ஆகவே கலியாணம் முடிந்தால் மாமா கொலோனுக்குப் போய்விடுவார். இதை அம்மா சீலைக் கணக்கோடு சேர்த்துச் சாதாரணமாகச் சொன்னா. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளி விட்டு வந்தால் கதவைத் திறக்க யார்? சாமித் தட்டில் இருந்த பிள்ளையாரிடம் போய், இந்தக் கலியாணம் குழம்ப வேண்டும் என்று ஒரு முழு சொக்லேட் நேர்ந்தேன். மாமா என்ன நினைத்தார் என்று தெரியாது. அம்மா கேட்டபோதெல்லாம், "பாப்பம் அக்கா," என்றார். அம்மா அதை ஓம் என்று எடுத்துக்கொண்டா.

பெண்ணின் தாய் தகப்பன் ஒரு சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. அம்மா ஆட்டிறைச்சியைத் தூள் பிரட்டி வைத்துவிட்டு, வந்து சமைக்கலாம் என்று வேலைக்குப் போனா. அப்பாவும் வேலையில். அவர்களோ பின்னேரமே மணியை அழுத்திவிட்டார்கள். யாரோ காரில் வந்தார்களாம், அவர்களோடு தொற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். வீட்டில் மாமாவும் நானும்தான்.

"ஒண்டும் வேண்டாம் தம்பி, தேத்தண்ணி காணும்," என்றார் தகப்பனார்.

தாயார் விடவில்லை. "இவருக்குச் சீனி வருத்தம். நேரத்துக்குச் சாப்பிடாட்டி தலை சுத்தும்."

வந்தவருக்குப் பாண் வெட்டி வைப்பதா? ஆட்டிறைச்சி அவிவதற்குள் மனிதருக்குத் தலை சுற்றிவிடும். மாமா குசினிக்குள் போய் பிரிட்ஜைத் திறந்து நின்றார். பிறகு திரும்பி வந்து நேராகவே சொன்னார்.

"கெதியாச் செய்யிறதெண்டால் மாட்டிறைச்சிதான் இருக்கு. சாப்பிடுவியளோ?"

தாயார் கையைத் தூக்கி விட்டா. "எனக்கு வேண்டாம். நான் வாழைப்பழம் சாப்பிடுறன். இவருக்குக் குடுங்கோ."

"ஜெர்மன் மாட்டுக்குத் தோஷம் இல்லைத் தம்பி," என்றார் தகப்பனார், மனைவியைப் பார்க்காமல்.

மாமா சமைத்தார். நான் செலரி கழுவிக் கொடுத்தேன். சோறு வந்தது. தகப்பனார் முதல் வாயைச் சந்தேகத்தோடு வைத்தார். இரண்டாவது வாயில் தலையை ஆட்டினார். மூன்றாவதில் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டார். கலியாணம் முடிந்த மாதிரித்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளையார் மேல் கோபம் கோபமாக வந்தது.

"தூள் போடேல்லைப் போல?" என்றார்.

"இல்லை. இது தெற்குச் சாப்பாடு," என்றார் மாமா. "எங்கட காம்ப் குசினியில வேலை செய்யிற பிள்ளை ஒண்டு சொல்லித் தந்தவ."

தகப்பனாரின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"அந்தப் பிள்ளையும் தெற்கோ?"

"ஓம்."

"தாய் தகப்பன்?"

"எல்லாரும் அங்கதான்."

"தமிழ் தெரியுமோ?"

"சாப்பிடுங்கோ எண்டு மட்டும் சொல்லுவா," என்றார் மாமா. சொல்லும்போது சிரித்தார். அன்று கோடையில் என்னைத் தோளில் சுமந்துகொண்டு சிரித்தாரே, அதே சிரிப்பு. தாயார் வாழைப்பழத்தை உரிப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தா.

"சிங்களப் பிள்ளையோ?" என்று தகப்பனார் மெல்லக் கேட்டார்.

மாமாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் கை அகப்பைக்குப் போனது. அட்லஸ் பார்த்தவள் நான் இருக்கும்போது என்ன பயம் என்று, "இல்லை, அது அமெரிக்கா..." என்று நான் தொடங்கினேன். மாமா ஒரு அகப்பை சோற்றை என் தட்டில் போட்டார்.

"நீ சாப்பிடு பிள்ளை. ஆறப் போகுது."

வாயிலே சோறு. எங்கள் வீட்டில் வாயிலே சோற்றோடு பேசக்கூடாது. தகப்பனார் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். மாட்டைப் பொறுத்துக்கொண்டவருக்குத் திசையைப் பொறுக்க முடியவில்லை.

அம்மா வந்தபோது அவர்கள் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"நாங்கள் பிறகு போன் எடுக்கிறம்," என்றா தாயார்.

போன் வந்தது, ஆனால் அவர்களிடமிருந்து அல்ல. இடையில் நின்று பேசிய உறவுக்காரி எடுத்தா. அம்மா போனை வைத்துவிட்டு மாமாவின் முன்னால் போய் நின்றா. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த ஆத்திரம் அவ குரலில் இருந்தது.

"சிங்களத்தியோட பழகிறாயாம்?"

"இல்லை அக்கா. அவ அமெரிக்கா. அமெரிக்காவில தெற்கு."

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அட கடவுளே, அதை அங்கயே சொல்லியிருக்கலாமே! இரு, நான் இப்பவே எடுத்துச் சொல்லுறன்." போனைத் தூக்கி இலக்கங்களை அழுத்தத் தொடங்கிவிட்டா.

மாமா எழுந்து போய், போனை அவ கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

"வேண்டாம் அக்கா."

"ஏன்?"

அவர் போனை அதன் இடத்தில் வைத்தார். அம்மா அவரை வெகுநேரம் பார்த்தா. என்னத்தைக் கண்டாவோ தெரியாது, கோபம் முழுதும் வடிந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டா. நான் சாமித் தட்டுக்கு ஓடினேன். மாமா கொலோனுக்குப் போகவில்லை! சொக்லேட்டை வைத்துக் கும்பிட்டு, பிள்ளையார் சாப்பிட்டு முடிக்கும் நேரம் விட்டு, நானே எடுத்துச் சாப்பிட்டேன்.

பனி கரைந்த பிறகு ஒரு நாள் மாமா பின்னேரம் பிந்தி வந்தார். அன்றைக்கு அம்மா வீட்டில் இருந்தா. கதவைத் திறந்தது அம்மாதான். நான் மேசையில் படம் கீறிக்கொண்டிருந்தேன். மாமா ஜாக்கெட்டைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்தார்.

"அவ போயிட்டா அக்கா," என்றார். "அவையின்ர பட்டாளத்தை ஊருக்குத் திருப்பி எடுத்திட்டினம்."

அம்மா தேத்தண்ணி போடுவதை நிறுத்தினா. "நீ வழியனுப்பப் போகேல்லையோ?"

"போனனான்."

"தன்னோட வரச் சொல்லிக் கூப்பிட்டவவோ?"

"ஓம்."

"பிறகேன் நீ போகேல்லை?" இதைக் கேட்டபோது அம்மாவின் குரல் எனக்குத் தெரியாத குரலாக இருந்தது. கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை.

மாமா என் பக்கம் திரும்பினார். கையை நீட்டி என் தலையைத் தடவினார். அந்தக் கை குளிர்ந்து கிடந்தது.

"நான் போனால் பிள்ளையை ஆர் பாக்கிறது?"

அம்மா சட்டென்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா. அந்த அமெரிக்கப் பெண் போனது எனக்குக் கொஞ்சம் கவலைதான். நல்ல ஐஸ்கிரீம் தந்தவ. ஆனால் சமையல்தான் எங்களிடம் இருக்கிறதே, இனி ஆள் எதற்கு என்று நினைத்தேன். இன்றைக்கு ஊத்தைச் சோறு செய்வோமா என்று மாமாவிடம் கேட்டேன். மாமா ஜாக்கெட்டோடேயே எழுந்து போய் வெங்காயத்தை எடுத்தார். அம்மா உள்ளேயிருந்து வரவும் இல்லை, யன்னலைத் திறக்கவும் இல்லை. நான் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன். மாமா எனக்கு எதிரே இருந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் என் தோழி, உன் மாமா கலியாணம் முடித்துக் கொலோனுக்குப் போய்விட்டாரா என்று கேட்டாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: இல்லை, ஒரு இடமும் போகமாட்டார், என்னை விட்டுவிட்டு அவரால் இருக்க ஏலாது.