வெண்ணிலா ஊசி தொடாத வருஷம்

வில்லியனூரில் நான் டயாலிசிஸுக்குப் போகும் சென்டரில் ஜன்னலோரப் படுக்கை எனக்கு. அதற்கடுத்தது அப்துல் கனி பாய்க்கு. நான் பண்டசோழநல்லூரில் கரும்பு போடுகிறவன். பாய் வில்லியனூரில் மளிகைக்கடை வைத்திருப்பவர். இரண்டு பேருக்கும் கிட்னி கெட்டுப்போனது தவிர வேறு ஒற்றுமை கிடையாது. ஆனாலும் வாரத்தில் மூன்று நாள், நாள் ஒன்றுக்கு நாலு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் பகையாளிகூட பங்காளி ஆகிவிடுவான். எங்களை மிஷினோடு இணைத்துவிட்ட டெக்னீஷியன் வெண்ணிலாவைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் பாகூர்ப் பக்கம். அப்பா கரும்பு லாரி ஓட்டியவர், புருஷன் பால் வண்டி ஓட்டுகிறவன். பிளஸ் டூ முடித்துவிட்டு டயாலிசிஸ் டிப்ளமோ படித்தாள். வேலை கொடுத்தது சென்டர் இல்லை, ஓர் ஏஜென்சி. ஆள் அவர்களுடையது, வேலை இங்கே, சம்பளம் அவர்கள் கை வழியாக அவர்களுடைய பங்கைக் கழித்துக்கொண்டு வரும்.

டயாலிசிஸ் ஊசியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது கோணி தைக்கிற ஊசி. ஒவ்வொரு தடவையும் கையில் இரண்டு ஏற்ற வேண்டும். வெண்ணிலா உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டுதான் நம் கையைத் தொடுவாள். பிறகு பேச்சுக் கொடுப்பாள்.

"நேத்து இன்னா கொழம்பு பாய்?"

"வெறும் ரசந்தான் பாப்பா."

"ரசத்துக்கா ஒடம்புல இவ்ளோ தண்ணி வெயிட் ஏறியிருக்கு? கருவாடுதானே?"

"ஒரே ஒரு துண்டுதான், அல்லா சத்தியமா..." என்று பாய் அசடு வழியும்போது ஊசி இரண்டும் ஏறியிருக்கும்.

அவள் வருவதற்கு முன்னால் யாரோ குத்தியது தவறிப்போய், பாயின் கை பனங்காய் கணக்காக வீங்கிக் கறுத்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு ஊசி என்றால் உயிர் போகிற பயம். வெண்ணிலா கைராசிக்காரி, அவள் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்று பிடிவாதம். அவள் லீவு போட்டால் இவரும் லீவு. டாக்டர் திட்டினாலும் காதில் வாங்க மாட்டார். மனைவி காலமாகிவிட்டாள், மகன் துபாயில். சென்டரில் ஒவ்வொரு நோயாளிக்கும் துணைக்கு ஓர் ஆள் வரலாம், மிஷின் ஓடும் வரை படுக்கை பக்கத்தில் உட்காரலாம். எனக்கு என் வீட்டுக்காரி வருவாள். பாய் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கும்.

போன வருஷம் டாக்டர் வெண்ணிலாவைக் கூப்பிட்டு, சென்டரிலேயே நிரந்தரமாகச் சேர்ந்துகொள் என்றார். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த வெளிச்சம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

எப்படித்தான் மோப்பம் பிடித்தார்களோ, ஏஜென்சிக்காரர்கள் போன்மேல் போன் போட ஆரம்பித்தார்கள். பெங்களூரில் வேலை தயார், நாளைக்கே கிளம்பு என்றார்கள். இவள் எடுக்காவிட்டால் புருஷனுக்கு, அவன் எடுக்காவிட்டால் மாமியாருக்கு. கடன்காரன்கூட நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்குவான், இவர்கள் வாங்கவில்லை. கடைசியில் தமிழ்க்குமரன் என்ற ஒருவன் நேரிலேயே வந்துவிட்டான். பேரில்தான் தமிழ்; வாயைத் திறந்தால் பாலிசி, கண்டிஷன், டெர்மினேஷன்.

"நீங்க சைன் பண்ணதுதான் மேடம். எங்கள விட்டுப் போனா இந்த சென்டர்ல ஒரு வருஷம் ஊசியத் தொடக் கூடாது. மீறித் தொட்டா கேசு. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டும் எங்ககிட்டதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

அந்தக் கையெழுத்தை அவள் போட்டது ஏஜென்சி வாசலில், புருஷனுடைய ஸ்கூட்டர் சீட்டில் தாளை வைத்து. அத்தனையும் இங்கிலீஷ். எல்லாரும் போடுவதுதான் என்றார்களாம், போட்டுவிட்டாள். அவளை மட்டும் என்ன சொல்ல? கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற ஊர் இது, கையெழுத்து என்றால் மட்டும் கொடுத்த இடத்தில் போட்டுவிட்டு வந்துவிடும்.

வெண்ணிலா பெங்களூர் போகவில்லை. வேலையை விட்டுவிட்டுப் பாகூரில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தாள். டாக்டர் பாவம், ஒரு வருஷம் கழித்து வா, இடம் வைத்திருக்கிறேன் என்றார். அவள் இடத்துக்கு மகாலட்சுமி என்ற புதுப் பெண் வந்தாள். அவளையும் அனுப்பியது அதே ஏஜென்சிதான். படித்த பெண், பதமாகத்தான் குத்தினாள், நான் சாட்சி. பாயோ அவளைப் பார்த்ததும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அடுத்த தடவை வரவேயில்லை. அதற்கடுத்த தடவையும் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு இளைத்தது.

"செத்துப்புடுவீங்க பாய்" என்றேன்.

"போறப்ப போறோம் நடேசண்ணே. அந்த ஊசி மட்டும் வாணாம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அவரைத் தூக்கிக்கொண்டு போய் மிஷினில் மாட்டிவிடலாம் போலிருந்தது. அங்கிருந்தபடியே வெண்ணிலாவுக்குப் போன் போட்டேன். கேட்டதும் அழுதுவிட்டாள்.

"நான் ஊசியத் தொட முடியாதே பெரியப்பா" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "தொணைக்கு வரக் கூடாதுன்னு அதுல எழுதலையே?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் சாதாரணப் புடவையில், கையில் ஒரு துணிப்பையோடு, பாயின் தோளைப் பிடித்துக்கொண்டு சென்டருக்குள் நுழைந்தாள். என் வீட்டுக்காரி எழுந்து நின்றுவிட்டாள். வெண்ணிலா அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்து பாயின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். மகாலட்சுமி ஊசியோடு வலது பக்கம் வந்தாள்.

"நீயே போடு பாப்பா. ஒரே ஒரு தடவ. யாருக்குத் தெரியும்?" என்றார் பாய்.

"எனக்கு ஒரு வருஷம் ஆவணும் பாய். இந்தப் பொண்ணு நல்லாப் போடுவா, கண்ண மூடிக்குங்க."

"வாணாம். வூட்டுக்குப் போயிடலாம்."

வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, மூச்சு இளைக்க இளைக்க எழுந்திருக்கப் பார்த்தார். மகாலட்சுமி கையுறை டப்பாவை வெண்ணிலா பக்கம் நகர்த்தினாள். வெண்ணிலா அதைப் பார்த்தாள், பாயின் காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போடும்மா, வருகிறது வரட்டும் என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. அவள் கை டப்பாவை நோக்கிப் போனபோதுதான் கதவு திறந்தது.

தமிழ்க்குமரன். மகாலட்சுமி எப்படி வேலை செய்கிறாள் என்று பார்க்க வந்திருக்கிறான். வெண்ணிலாவைக் கண்டதும் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

"இன்னா மேடம், சொல்லியும் கேக்கலையா? இங்க இன்னா பண்றீங்க?"

வெண்ணிலாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பாய் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். வீங்கிய காலை இழுத்துக்கொண்டு திரும்பவும் படுக்கையில் சாய்ந்தார்.

"யாருப்பா நீ? அது எம் பொண்ணு. அத்தாவுக்குத் தொணைக்கு வந்துகீது. பொண்ணு வரக் கூடாதுன்னு உன் பேப்பர்ல எழுதிகீதா?"

"உங்க பொண்ணா? இவங்க பேரு வெண்ணிலா சார்."

"ஆமா, வெண்ணிலாதான். அதுக்கின்னா இப்ப?"

சொல்லிவிட்டு வலது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்தார். அதை மகாலட்சுமி முன்னால் நீட்டி வைத்தார்.

"நீ குத்தும்மா. எங்க பாப்பா வெறும் தொணைதான்."

மகாலட்சுமி பயந்திருந்தாள் போல, முதல் ஊசி சரியாக இறங்கவில்லை. எடுத்து இன்னொரு தரம் குத்தினாள், பிறகு இரண்டாவதையும் ஏற்றினாள். எந்த ஊசிக்கு இத்தனை வருஷம் பயந்தாரோ அதே ஊசி. பாய் கண்ணை இறுக மூடிக்கொண்டார், உதட்டைக் கடித்துக்கொண்டார், ஒரு சின்னச் சத்தம்கூட வெளியே விடவில்லை. மிஷின் ஓட ஆரம்பித்தது, குழாயில் சிவப்பு ஏறியது. தமிழ்க்குமரன் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

கதவு சாத்தியதும் வெண்ணிலா பாயின் இடது கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

"அழுவாத பாப்பா" என்றார் பாய், கண்ணைத் திறக்காமலே. "வலிக்கவே இல்ல."

"ரொம்ப வலிச்சுதா அத்தா?" என்று கேட்டாள் வெண்ணிலா.

"ஆமாம்மா" என்றார்.