மச்சானின் வேனில் இருந்த செம்பு

மச்சானின் வேனில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. சாரதி இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்னக் கூடையில், சிவப்புத் துணி சுற்றி, பிள்ளைகளின் கால் படாதபடி வைத்திருப்பார். என் வேனிலும் தண்ணீருக்கென்று ஒன்று இருந்தது. தேங்காய் எண்ணெய் வந்த மஞ்சள் கேன். அதன் மூடி எப்போதோ தொலைந்துவிட்டதால் வாயில் பொலித்தீனைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருப்பேன். வளைவுகளில் அது உருண்டு வரும்போது பிள்ளைகள் காலால் தடுத்து விளையாடுவார்கள். கலஹாவிலிருந்து கண்டிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போன வேன்கள்தான் இரண்டும். அவருடைய செம்பைப் பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் கேனைப் பார்த்தவர்கள், "இன்னைக்கு வீடு போய்ச் சேருமா?" என்று கேட்டார்கள்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். எனக்கு அவர்மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய சிரிப்பின் மேல் பொறாமை, தும்பைப்பூ போன்ற சட்டையின் மேல் பொறாமை, ஒரே அதட்டலில் பிள்ளைகளை அடக்கிவிடும் குரலின் மேல் பொறாமை. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வேன். இரண்டையும் பிலிமத்தலாவையில் ஒரே விற்பனை நிலையத்தில் ஒன்றாகப் போய்த்தான் வாங்கினோம். ஒரே ரகம், ஒரே வெள்ளை நிறம். நான்தான் முதலில் தெரிந்தெடுத்தேன். எஞ்சினை முடுக்கிப் பார்த்து, டயரைத் தட்டிப் பார்த்து, அடியில் குனிந்து பார்த்து, பெரிய கெட்டிக்காரனைப் போல ஒன்றைக் கைகாட்டினேன். மிச்சமிருந்ததை அவர் எடுத்துக்கொண்டார். அந்த மிச்சம்தான் அதற்குப் பிறகு என் வயிற்றெரிச்சலாக ஓடித் திரிந்தது.

என் வேனுக்கு வராத வியாதி இல்லை. இழுத்துத் திறக்கும் கதவு பாதியில் நின்றுவிடும். தோட்டத்து ரோட்டுப் புழுதி உருளையில் அடைந்து, அதன் மேல் நான் கிரீஸ் பூசப்போய், கிரீஸில் இன்னும் புழுதி ஒட்டி, கடைசியில் இரண்டு பிள்ளைகள் உள்ளிருந்து தள்ள நான் வெளியிலிருந்து இழுக்க வேண்டியதாயிற்று. மழை பெய்தால் பெல்ட் கீச்சிடும். பெற்றரி முனையில் வெள்ளையாகப் பூத்துவிட்டால் காலையில் உயிர் வராது. இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது சூடு. காலையில் இறக்கத்தில் நல்ல பிள்ளையாகப் போகும். பின்னேரம் பேராதனை கடந்து கலஹா ஏற்றத்தில் பிடித்ததும் சூடு காட்டும் முள் மெல்ல மேலே ஏறும். தேயிலை மலைகள் தொடங்கும் இடத்தில் முன்சீட்டின் கீழே இருக்கும் எஞ்சினிலிருந்து ஆவி வரும்.

இதற்கெல்லாம் மருந்து சொல்கிறவரும் மச்சான்தான். வேன்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. யார் என்ன கேட்டாலும் அவருடைய குரல் வந்து விழும். "சூடு ஏறுதுன்னா மொதல்ல ஏசிய நிப்பாட்டுங்க. அப்பறம் ஹீட்டர தொறந்து விடுங்க. பிள்ளைங்க வேர்க்குதுன்னு சொல்லும், பரவால்ல, எஞ்சின் தப்பிச்சிரும். ரேடியேட்டர் மூடிய மட்டும் சூட்டோட தொட்றாதீங்க. துணிய போட்டு, பொறுமையா, கால்வாசி திருப்பி, காத்து போனப்பறம்தான் கழட்டணும். வெறும் கொழாத்தண்ணி ஊத்தாதீங்க, உள்ள துருப்புடிக்கும்." என் மனைவி சமையலறையில் அதைச் சத்தமாகப் போட்டுக் கேட்பாள். பெட்டி நிறைய ஸ்பேனரும் ஆயுதமும் வைத்திருக்கிற கராஜ்காரர்கள்கூட அவருக்குக் கைகூப்பும் படத்தைப் பதிலாக அனுப்புவார்கள். நான் ஒருமுறை கதவு உருளையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைப் பேசி அனுப்பினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அதையே மச்சான் சொன்னார். கைகள் கூப்பிக் குவிந்தன.

ஏற்றத்தின் நடுவில் ஒரு வளைவில் சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் வேன் ஒதுங்க இடமும் உண்டு. பின்னேரங்களில் மச்சான் அங்கே தவறாமல் நிறுத்துவார். பிள்ளைகள் இறங்கி, கோயிலைச் சுற்றி, திருநீறு பூசி, ஆளுக்கொரு கற்கண்டு வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். தெல்தோட்டைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்திருந்து கற்கண்டை மட்டும் வாங்கிக்கொள்ளும். மச்சான் ஒரு விதி வைத்திருந்தார். "சுத்தும்போது வேன் பக்கம் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா படிச்சது மறந்துபோயிரும்." மழை நாளில் மூன்று சுற்று, வெயில் நாளில் ஒன்பது. பங்குனி வெயிலில் அவருக்குப் பக்தி முற்றிவிடும் என்று நாங்கள் நினைத்தோம். அவரோ பிள்ளையாருக்கென்று செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்பார். பிள்ளைகள் நெற்றியில் திருநீறோடு வீட்டுக்கு வருவதைப் பார்த்த தாய்மாருக்கு வேறென்ன வேண்டும்? அவருடைய வேனில் இடம் கிடைக்காதவர்கள்தான் என் வேனுக்கு வந்தார்கள்.

நான் அங்கே நிறுத்தியதில்லை. அவர் நிற்கிற இடத்தில் நானும் நின்றால், அவரைப் பார்த்துப் பழகினேன் என்று ஊர் சொல்லாதா? பல்லைக் கடித்துக்கொண்டு கோயிலைத் தாண்டிப் போவேன். அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு, அங்கே என் வேன் பெருமூச்சு விட்டு நின்றுவிடும். பிள்ளைகளை ரோட்டோரம் இறக்கி, முன்சீட்டைத் தூக்கிவைத்து, மஞ்சள் கேனோடு நான் ஆவிக்குள் நிற்கும்போதுதான் மச்சானின் வேன் மணியான சத்தத்தோடு வரும். "மாப்புள, ஒதவி வேணுமா?" என்று தலையை நீட்டிக் கேட்பார். வேண்டாமென்று கைகாட்டுவேன். ஹோர்ன் அடித்துவிட்டுப் போவார். அந்த ஹோர்ன் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது என் மகள் கேட்ட அன்று. பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்பா, நாளையில இருந்து நா மாமா வேன்ல போகட்டா?"

ஏனென்று கேட்டேன். கோயில் என்றாள். கற்கண்டு என்றாள். பிறகு மெதுவாக, "நம்ம வேன் நிண்டா எல்லாரும் என்னையத்தான் பாக்குறாங்க" என்றாள். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். "பிள்ள நேரத்துக்கு வீடு வந்தா நல்லதுதானேங்க" என்றாள். மறுநாள் காலை மகள் மாமாவின் வேனில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் நான் அந்த வேனுக்குப் பின்னாலேயே ஓட்டிப்போனேன். கண்ணாடி வழியே அவளுடைய ரெட்டைப் பின்னல் ஆடுவது தெரிந்தது. மாமா ஏதோ சொல்ல அவள் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். என் வேனில் அவள் சாளரத்தில் தலையை முட்டுக்கொடுத்துத் தூங்கித்தான் பார்த்திருக்கிறேன்.

பிறகு மச்சானுக்கு வெளிநாட்டில், கட்டாரில் வேலை சரிவந்தது. வேனை வாங்கப் பலர் வந்தார்கள். "தங்கச்சி புருஷன் இருக்கப்ப வெளியாளுக்கு ஏன்?" என்று சொல்லி எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். என் வேனைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு அவருடையதை எடுத்துக்கொண்டேன். சாவியைக் கையில் வைத்தபோது, "கோயில்ல நிப்பாட்டுறத மட்டும் விட்றாத மாப்புள" என்றார். போகும்போதும் உபதேசமா என்று உள்ளுக்குள் எரிந்தது. ஆனாலும் என் மகள் திரும்ப என்னோடு வந்தாள். அந்த முன்சீட்டில், அந்த வேனில், என் பக்கத்தில். அன்று காலை கண்டிவரைக்கும் நான் ராஜாவாகத்தான் ஓட்டினேன்.

பின்னேரம் கோயிலில் நிறுத்தக் கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். வேன் வேறு முடிவெடுத்திருந்தது. ஏற்றத்தில் பிடித்ததும் முள் மேலே போனது. எனக்கு அந்த முள்ளின் நடை நன்றாகத் தெரியும். என் பழைய வேனில் ஏறிய அதே நிதானத்தில், அதே இடத்தில், ஏறிக்கொண்டிருந்தது. கோயில் வளைவுக்கு வரும்போது சிவப்பைத் தொட்டுவிட்டது. ஒதுங்க வேறு இடமில்லை. பிள்ளைகள் குதூகலமாக இறங்கி, சொல்லாமலே சுற்றத் தொடங்கினார்கள். ஒருவரும் வேன் பக்கம் திரும்பவில்லை. நான் முன்சீட்டைத் தூக்கினேன். சுடச்சுட ஆவி முகத்தில் அடித்தது. ரேடியேட்டர் மூடியைப் பிடிக்கத் துணி தேடியபோது கைக்கு அகப்பட்டது செம்பைச் சுற்றியிருந்த சிவப்புத் துணிதான். விரித்தேன். உள்பக்கம் முழுக்கத் துருக்கறை, நடுவில் மூடியின் அளவுக்கு வட்டம். செம்பின் உள்விளிம்பில் கறுப்பு எண்ணெய் படிந்த பெருவிரல் அடையாளம்.

வெயில் நாளில் ஒன்பது சுற்று எதற்கென்று அப்போது புரிந்தது. எஞ்சின் ஆற அவ்வளவு நேரம் வேண்டும். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூடப் பிள்ளையாரின் தலைக்குப் போயிருக்காது.

அன்றைக்கே மச்சானுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். பதிலில் முதலில் வெகுநேரம் சிரிப்புத்தான் வந்தது. "மாப்புள, என்னுது ஒன்னுதுக்கு முந்தியே சூடேறுச்சு. பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா பயப்படும், தாய்மாருக்குத் தெரிஞ்சா வேன மாத்திப்புடுவாங்க. பிள்ளையாரு கோவிச்சுக்கவா போறாரு?" வெற்றி கிடைத்தவன்போல அதை மனைவியிடம் போட்டுக் காட்டினேன். ஊர் மெச்சிய வேனின் லட்சணத்தைப் பார் என்றேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, "அப்பவும் பாருங்க, எங்கண்ணே ஒரு நாளாவது பிள்ளைங்கள ரோட்டுல நிக்க வச்சாங்களா?" என்றாள். இத்தனை நாள் அவருடைய நல்ல வேனின் மேல் பொறாமைப்பட்டேன். அன்றிலிருந்து அவருடைய கெட்ட வேனின் மேல் பொறாமைப்படுகிறேன். அதே சூடு, அதே ஆவி. எனக்கு அவமானமாக வந்தது அவருக்கு மட்டும் பக்தியாக வந்திருக்கிறது.

விடுவேனா? அந்த வார இறுதியிலேயே பிலிமத்தலாவைக்குக் கொண்டுபோய் ரேடியேட்டரைக் கழற்றினேன். எல்லோருக்கும் வேண்டாமென்று சொன்ன குழாய்த் தண்ணீரையே தன் வேனுக்கு ஊற்றி ஊற்றி உள்ளே துருவாக அடைத்து வைத்திருந்தார். சுத்தம் செய்து, தேர்மோஸ்டாட் மாற்றி, புதுப் பெல்ட் போட்டு, சரியான கூலன்ட் ஊற்றினேன். இப்போது பங்குனி வெயிலிலும் முள் பாதியைத் தாண்டுவதில்லை. அவரால் முடியாததை நான் செய்துவிட்டேன். ஆனால் இதை யாரிடம் சொல்வது? சூடாகாத வேனை யார் பார்க்கிறார்கள்? கோயிலில் நிறுத்தாமல் போன இரண்டாம் நாளே தாய்மார் கேட்டார்கள், "உங்க மச்சான் பழக்கிவிட்ட நல்ல பழக்கம், ஏன் விட்டீங்க?" என்று.

அதனால் நிறுத்துகிறேன். பிள்ளைகள் சுற்றும் நேரம் செம்பில் தண்ணீர் பிடித்து, நிஜமாகவே பிள்ளையாருக்கு ஊற்றுகிறேன். இத்தனை வருடத்தில் இந்தச் செம்பிலிருந்து அவருக்குக் கிடைக்கும் முதல் தண்ணீர் இதுதான். நேற்றும் ஊற்றிவிட்டு, மூன்று சுற்று முடிந்ததும் எல்லோரையும் ஏறச் சொல்லி எஞ்சினை முடுக்கினேன். பூனைபோல முனகியது. மகள் முன்சீட்டில் ஏறி, கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, வெளியே வெயிலைப் பார்த்தாள்.

"மாமான்னா இந்த வெயிலுக்கு ஒம்பது சுத்து விடுவாருப்பா" என்றாள்.

உண்மை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அவள் நெற்றியில் திருநீறு இன்னும் ஈரமாக இருந்தது. நான் எஞ்சினை நிறுத்தினேன். பிள்ளைகள் ஆரவாரத்தோடு மறுபடி இறங்கி ஓடினார்கள். சூடே இல்லாத எஞ்சினின் பக்கத்தில், காலியான செம்பைப் பிடித்துக்கொண்டு, மிச்சம் ஆறு சுற்றும் முடியக் காத்திருந்தேன்.