ஒரே டேங்கில் ரெண்டு மருந்து

இருந்தவர்கள்: பூண்டி ஊர் ஆஸ்பத்திரி நர்ஸம்மா. மச்சான் பாண்டி. அவன் தங்கச்சி செல்வி – அதாவது என் மனைவி. நான். மேசை மேல் ரெண்டு டப்பா.

போன திங்கட்கிழமை நடந்தது. மச்சான் பூண்டு மூட்டை ஏற்றி ஜீப் ஓட்டுகிறவன். வளைவில் தலை சுற்றிவிட்டது. நல்லவேளை... பிரேக்கில் கால் இருந்தது. பின்னால் மூட்டைகளோடு இருந்த நாங்கள் இறங்கி, கைத்தாங்கலாக நர்ஸம்மாவிடம் கூட்டிப் போனோம்.

பிரஷர் பார்த்தார். மேல் அளவு வெறும் எண்பத்தெட்டு.

"என்னண்ணே சாப்பிட்டீங்க?"

அப்போதுதான் அந்த டப்பாக்கள் வெளியே வந்தன. ஒன்று அஸ்வகந்தா – நம்ம அமுக்கராக் கிழங்குதான். தூக்கத்துக்கு. இன்னொன்று பிரஷருக்கு... பூண்டு கேப்சூல்!

செல்வி விடுவாளா?

"ஏண்ணே, ஜீப்புல பன்னெண்டு மூட்டை பூண்டு கெடக்கு. நீ கொடைக்கானல் கடையில போயி டப்பாவுல பூண்டு வாங்குனியா?"

"இது நாறாது தாயி. எது நல்லதுன்னு பாக்கத்தான் ரெண்டையும் ஒண்ணா போட்டேன்."

"ஒண்ணா போட்டா எது கேட்டுச்சுன்னு எப்படித் தெரியும்?"

மச்சான் டப்பாக்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"கேரட்டுக் காட்டுக்கு ரெண்டு மருந்தை ஒரே டேங்க்ல கலக்கித்தான அடிக்கிறோம்? சோலி வெரசா முடியும்ல."

"நீங்க கேரட்டு இல்லண்ணே" என்றார் நர்ஸம்மா. "அமுக்கராவும் பிரஷரை எறக்கும். பூண்டும் எறக்கும். பிரஷருக்கு நான் மாசாமாசம் குடுக்குற மாத்திரையும் எறக்கும். மூணும் சேந்தா எங்க போயி நிக்கும்?"

டாக்டருக்குப் போன் போட்டார். ரெண்டு டப்பாவும் நிறுத்தம். ஜீப் சாவியை வாங்கி டிராயரில் போட்டார்.

"நூத்திப்பத்துக்கு மேல வரட்டும். தர்றேன்."

மச்சான் முகம் செத்துவிட்டது. ஜீப் நின்றால் அவன் வீடும் நின்றுவிடும்.

செடியிலிருந்து வந்தது, ஒன்றும் செய்யாது என்கிறோம். ஒன்றும் செய்யாதென்றால் எதற்கு வாங்குகிறோம்?

மச்சானைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாயில்லை. "நீயும் போடு மாப்ள" என்று அவன் தந்த நாலு கேப்சூல் என் சட்டைப் பையில் இருந்தது.

நாலாம் நாள் காலை வெள்ளனே போனோம். மச்சான் கையை நீட்டினான். கண் டிராயர் மேல். கையில் சுற்றிய பிரஷர் பட்டையில் காற்று இறங்கியது. நர்ஸம்மா படித்தார்.

நூற்றுப் பதினெட்டு.