பலூன் அக்கா போட்ட வால்

"தொடாதே. தொட்டா இடிஞ்சு விழும்." இதையே மூன்று தினுசாக முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, நான்காவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார் பலூன் அக்கா. "இடிஞ்சு" வரைக்கும் மூச்சு தாங்குகிறது. ஆகவே வரி அங்கேதான் உடைய வேண்டும். திரைமேல் பேனாவை ஓட்டி எழுதி, "விழும்" என்பதைத் தனியாகக் கீழே இறக்குகிறார். சுற்றிலும் ஒரு பேச்சுப் பலூன் போடுகிறார். பலூனுக்கு ஒரு வால். வாலின் நுனி பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் வாயைக் காட்டி நிற்கிறது.

அந்தப் பெண்தான் விரிசல், எங்கள் மாதாந்தரப் படக்கதையின் நாயகி. அவள் அழுகையை அடக்கினால் எதிரே இருக்கிற கட்டடம் பிளந்துகொள்ளும். அதை வைத்துக்கொண்டு வெளியே நூறு பேரைக் காப்பாற்றுவாள். வீட்டுக்கு வந்தால் சுவரைக் கெடுத்தவள் என்று திட்டு வாங்குவாள். கதை எழுதுகிறவர் ஒருவர், படம் போடுகிறவர் இன்னொருவர். ஆனால் நாற்பத்து மூன்று இதழ்களாக அவள் பேசுவதெல்லாம் பலூன் அக்காவின் கையெழுத்தில்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை.

நான் அங்கே பிழை திருத்துகிறவன். செவ்வாய்தோறும் அக்கா வீட்டுக்குப் போய், அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கங்களைச் சரிபார்ப்பேன். அவர் வசனத்தை வாய்விட்டுச் சொல்லாமல் ஓர் எழுத்துகூட எழுதமாட்டார். வில்லனுக்கு அடித்தொண்டை, போலீஸ்காரருக்கு மூக்கு, விரிசலுக்குக் கடித்த பல். கீழ்வீட்டுக்காரர் கொலை விழுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை மாடியேறி வந்திருக்கிறார். மை இல்லாத வேலைதான், ஆனாலும் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எழுந்துபோய்க் கை கழுவிக்கொள்வார். பேருந்து நிறுத்தத்தில் நின்றால் மனிதர்களின் முகத்தைப் பார்க்கமாட்டார், தலைக்கு மேலே பார்ப்பார். "உனக்கெல்லாம் பலூன் போட எடமே கெடைக்காது தம்பி. அவ்வளவு பேசறே" என்று என்னைச் சொன்னார். சொன்னவர் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த அறையில் இன்னொருத்தியும் உண்டு. அக்காவின் மகள். அவளுக்கும் பதினாறுதான். ஐந்து மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. மேசைக்குப் பின்னால் இருக்கிற சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவார். "என்னக்கா ஆச்சு அவளுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒண்ணும் ஆகல. டாக்டர் பாத்தாச்சு, டீச்சர் பேசியாச்சு, ஒண்ணும் ஆகல. அதான் பயமா இருக்கு" என்றார்.

நாற்பத்தோராம் இதழின் பதினேழாம் பக்கத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் பலூனுக்கு வால் வைத்தால் வாய்விட்டுச் சொன்னது. வாலுக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் குமிழிகள் வைத்தால் மனசுக்குள் நினைத்தது. அந்தப் பக்கத்தில் விரிசலின் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். பின்னால் நிற்கிற விரிசல், "நான் இல்லாட்டி இந்த வீட்ல கழுவ ஒரு தட்டு குறையும். அவ்வளவுதானே" என்று நினைக்க வேண்டும். நினைக்கத்தான் வேண்டும். அக்கா குமிழி போடாமல் வால் போட்டுவிட்டார். அடுத்த கட்டத்தில் அம்மா திரும்பாமல் அடுத்த தட்டை எடுக்கிறாள். ஒப்புதல் கொடுத்தவன் நான். ஒற்று இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா என்று பார்த்தேன், வாலைப் பார்க்கவில்லை. என் லட்சணம் அவ்வளவுதான்.

வாசகர் கடிதம் என்று எங்களுக்கு மாதம் பத்து வரும், அதிலும் ஏழு வில்லனின் முகமூடியைப் பற்றி. அந்த இதழுக்கு இருநூற்றுச் சொச்சம் வந்தது. முக்கால்வாசி பெண்பிள்ளைகள். "அவ சொல்லிட்டா. அவங்கம்மா திரும்பவே இல்ல. எங்க வீட்லயும் இப்படித்தான்" என்று ஒரு கடிதம், மொத்தமே மூன்று வரி. ஆசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. "அக்கா, தெரிஞ்சு செஞ்சீங்களோ தெரியாம செஞ்சீங்களோ, பிரமாதம்! தொகுப்புப் புத்தகத்துலயும் இப்படியே போகட்டும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா மட்டும், "அது தப்பு சார், நான் மாத்திக் குடுத்துடறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தொழில் ரோஷம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், மகள் குளிக்கப் போயிருந்தாள். குழாய்ச் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அக்கா வாயைத் திறந்தார்.

"அன்னிக்கு அந்த வரியை அஞ்சாறு தடவை சொல்லிப் பாத்தேன் தம்பி. கடைசி வார்த்தை ஒக்காரவே இல்ல. பின்னாடியிருந்து இவ, 'ஆமாம்மா, அவ்வளவுதான்'னா."

"நீங்க?"

"'ம்'னேன். எப்படி முடிக்கணும்னு பிடிபட்டுடுச்சேன்னு சந்தோஷமா எழுதினேன். வாய்விட்டுச் சொன்ன மாதிரியே காதுல நின்னுது. வாலைப் போட்டுட்டேன்."

பெற்ற மகள் பின்னால் படுத்துக்கொண்டு சொன்னது அம்மாவின் கைக்குப் போயிருக்கிறது, மனசுக்குப் போகவில்லை. கடிதங்கள் வந்த பிறகுதான் அவர் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்து, தாம் என்ன கேட்டோம் என்று தெரிந்துகொண்டிருக்கிறார். அதிலிருந்து தினமும் விடிந்ததும் சோபா பக்கம் போய், மகளுக்கு மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்க்கிறாராம்.

"அவகிட்ட கேட்டீங்களா?"

"என்னன்னு கேக்கறது? அந்த இதழை அவளும் படிச்சுட்டா. அந்தப் பக்கத்தை மடிச்சு வேற வச்சிருக்கா. ஊரான் பெத்த பொண்ணுக்கெல்லாம் வாய் குடுக்கறேன், இவகிட்ட ஒரு வார்த்தை வரமாட்டேங்குது." குரலை இன்னும் தாழ்த்தினார். "புத்தகத்துலயாவது குமிழியா மாத்திட்டா, அவ மனசுக்குள்ள நெனச்சதாத்தானே ஆகும்? நான் கேட்டும் காதுல வாங்காம இருந்ததா ஆகாதில்ல?"

"சொன்னது சொன்னதுதானேக்கா" என்றேன். அப்படி வெடுக்கென்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் முகம் செத்துப்போயிற்று.

குழாய்ச் சத்தம் நின்றது. மகள் ஈரத்தலையோடு வந்தாள், என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள், சோபாவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஐந்து மணிக்குள் கடைசிப் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். இரண்டு பலூன் பாக்கி. காலையிலிருந்து எழுதிய எதையும் அக்கா இன்னும் சேமிக்கவில்லை. குனிந்து, விரிசலின் குரலில் முணுமுணுக்க ஆரம்பித்தார். "என்னால முடியும். என்னால..."

"அம்மா, எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது." சுவரைப் பார்த்துச் சொன்னதால் பாதிதான் எங்களுக்குக் கேட்டது. "ரொம்ப நாளா."

அக்காவின் உதடு அப்படியே நின்றது. "என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல. நீ எழுது."

திரையை ஒருமுறை பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். பக்கம் முழுவதும் இருண்டுபோயிற்று. எழுந்து போய், சோபாவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, அந்த ஈர முதுகில் இடது கையை வைத்தார். வலது கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.